'காபி கீபி' ஆராய்ந்த கனடாக்காரர்... ஓசூர் பேச்சுக்கு என்ன பதில் சொல்கிறார்?

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நாலு மொழி புழங்கும் ஊர் ஓசூர். "உனக்கு ஒரு மொழிகூட சுத்தமா பேச வராதா?" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். அந்தக் கேலிக்கு ஒரு மொழியியல் அறிஞரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் ஒரு காட்சி சாதாரணமாகக் கண்ணில் படும். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர், "அண்ணா, ஒரு டீ" என்கிறார். அடுத்தவர், "அண்ணா, ஒந்து டீ கொடி" என்கிறார். இன்னொருவர், "அன்னா, ஒக்க டீ இவ்வண்டி" என்கிறார். டீ மாஸ்டர் யாரிடமும் "என்ன சொன்னீங்க?" என்று கேட்பதில்லை. கேட்ட மொழியிலேயே சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விடுகிறார்.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு பக்கம் ஆந்திராவின் குப்பம். 1970-களில் சிப்காட் வந்த பிறகு தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பேச்சும் இங்கே வந்து சேர்ந்தது. இப்போது வடமாநிலத் தொழிலாளர்களின் இந்தியும் சேர்ந்துகொண்டது.

ஆனால், இந்த ஊர்ப் பிள்ளை மேற்படிப்புக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போனால், "உன் தமிழ் என்ன இப்படி இருக்கு? நீ தெலுங்கா?" என்கிறார்கள். பெங்களூருவுக்கு வேலைக்குப் போனால், "உன் கன்னடம் தமிழ் மாதிரி இருக்கே!" என்கிறார்கள். திருப்பதி போனால், "எந்த ஊர் தெலுங்கு இது?" என்று கேட்கிறார்கள். மூன்று மொழி தெரிந்தவருக்கு மூன்று இடத்திலும் கேலி!

இது உண்மையிலேயே குறைதானா? உலகின் மறுமூலையில் பிறந்து, லத்தீன் படித்து, நீலகிரி மலைக்கு வந்து சேர்ந்த ஒரு பேராசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் பெயர் மர்ரே எமெனோ.

மீன்பிடி ஊரிலிருந்து வேதாளம் வரை!

எமெனோ பிறந்தது 1904 பிப்ரவரி 28. கனடாவின் கிழக்குக் கடற்கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கும் லூனன்பர்க் என்ற மீன்பிடித் துறைமுக ஊர். பள்ளியிலும் டல்ஹௌசி பல்கலைக்கழகத்திலும் அவருடைய மனதைப் பிடித்தவை லத்தீனும் கிரேக்கமும். பிறகு ரோட்ஸ் உதவித்தொகை பெற்று, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பேலியல் கல்லூரிக்குப் போனார்.

1926-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லத்தீன் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் சமஸ்கிருதம் அறிமுகமானது. 1931-ல் அவர் முனைவர் பட்டம் வாங்கிய தலைப்பைக் கேட்டால் தமிழ் வாசகர்களுக்குச் சிரிப்பு வரும். அது வேதாளக் கதை! முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளமும் விக்கிரமாதித்தனும் வரும் அதே கதைத் தொகுப்பின் ஒரு சமஸ்கிருத வடிவத்தைத்தான் அவர் பதிப்பித்து மொழிபெயர்த்தார்.

இதுவரை அவர் படித்ததெல்லாம் ஏட்டில் இருந்த மொழிகள். பேச ஆள் இல்லாத லத்தீன், நூல்களில் வாழும் சமஸ்கிருதம்.

அவர் பட்டம் வாங்கிய நேரம் பொருளாதாரப் பெருமந்தக் காலம். வெளியே வேலை கிடைப்பது கஷ்டம் என்பதால் யேலிலேயே தங்கினார். அந்த 1931-ல்தான் எட்வர்ட் சபீர் அங்கே பேராசிரியராக வந்தார். எழுத்தே இல்லாத அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளை, பேசுபவரின் எதிரே உட்கார்ந்து, காதால் கேட்டு எழுதிய மேதை அவர். 'ஒரு மொழியைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பேசுகிற ஒரு வாயும், பொறுமையான ஒரு காதும் போதும்' என்பதை எமெனோ கற்றுக்கொண்டது அவருடைய வகுப்பில்தான்.

நீலகிரியில் 'காது' தீட்டிய ஆண்டுகள்

சபீரின் தூண்டுதலால் 1935-ல் எமெனோ இந்தியாவுக்குக் கிளம்பினார். 1938 வரை இங்கே இருந்தார். அவர் தேடி வந்தது தமிழ், தெலுங்கு போன்ற பெரிய மொழிகளை அல்ல. நீலகிரியில் சில நூறு பேர் மட்டுமே பேசிய தோடர் மொழி, ஏழே கிராமங்களில் வாழ்ந்த கோத்தர்களின் மொழி, படகர்களின் பேச்சு, குடகு மக்களின் மொழி, மத்திய இந்தியாவின் கோலாமி. இவை எதற்கும் அப்போது சரியான இலக்கணமோ அகராதியோ கிடையாது.

நீலகிரி அவருக்கு நல்ல பள்ளிக்கூடம். தோடர்கள் எருமை வளர்த்தார்கள். படகர்கள் விவசாயம் பார்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்தார்கள், சடங்குகளுக்கு இசையும் வாசித்தார்கள். ஒருவர் பொருள் இன்னொருவருக்குத் தேவை. அதனால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

கோத்தர் மொழியில் அவருக்குக் குருவாக இருந்தவர் சுல்லி என்ற கோத்தர். ஆங்கிலம் தெரிந்த பள்ளி ஆசிரியர், கதை சொல்வதில் கெட்டிக்காரர். சுல்லி சொல்லச் சொல்ல எமெனோ எழுதிய கதைகள் 1940-களில் 'கோத்தர் நூற்பகுதிகள்' என்று பல பாகங்களாக வந்தன. தோடர்களின் பாடல்களைத் தொகுத்த பெரிய புத்தகம் 1971-ல் வெளியானது. தோடர் மொழி இலக்கணம் வந்தது 1984-ல். அப்போது அவருக்கு வயது 80!

தோடர் மொழி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம். தமிழில் 'ர', 'ற' வித்தியாசத்துக்கே நாம் திண்டாடுகிறோம். தோடர் மொழியில், நாக்கை அதிரவிட்டுச் சொல்லும் 'ர' வகை ஒலிகள் மட்டும் ஆறு. 1996-ல் பீட்டர் லடிஃபோகட், பேரி பாஸ்கரராவ் உள்ளிட்ட ஒலியியல் அறிஞர்கள் இதற்கென்றே தனிக் கட்டுரை எழுதினார்கள். பேசுபவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் மொழி எளிமையானதாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

1940-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் எமெனோ. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ராணுவத்தினருக்கு வியட்நாமிய மொழி கற்பிக்கும் பொறுப்பு வந்தது. அதையும் பேசுபவர்களிடமே கேட்டுக் கற்று, இலக்கணமும் எழுதிவிட்டார். 1953-ல் அங்கே மொழியியல் துறையைத் தொடங்கி வைத்தார்.

நமக்கு அவருடைய பெரிய கொடை, 1961-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட 'திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி'. 1984-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எந்த மொழியில் என்ன உறவு என்று தேடுபவர்கள் இன்றும் முதலில் திறப்பது அதைத்தான்.

ஊர்ப் பெயரே ஒரு பாடம்!

அந்த அகராதியின் கண்ணோட்டத்தில் ஓசூர் என்ற பெயரையே பார்க்கலாம். தமிழில் 'புது'. பழைய கன்னடத்தில் அது 'பொச'. காலப்போக்கில் கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப' ஒலி 'ஹ' ஆக மாறியது. அதனால் பால் அங்கே 'ஹாலு', பல் 'ஹல்லு', புலி 'ஹுலி', பூ 'ஹூவு'. அதே விதிப்படி 'பொச' என்பது 'ஹொச' ஆனது. 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். அதைத் தமிழ் நாக்கு 'ஹ' இல்லாமல் 'ஓசூர்' என்று சொல்லிக்கொண்டது.

ஆக, ஓசூரும் புத்தூரும் ஒரே பெயர்தான். ஒரு மொழியின் வேர், இன்னொரு மொழியின் ஒலி மாற்றம், மறுபடி முதல் மொழியின் உச்சரிப்பு. ஊர்ப் பெயரே இவ்வளவு கலந்திருக்கும்போது, ஊர்ப் பேச்சு கலக்காமல் இருக்குமா?

1956: ஒரு கோடு, ஒரு கட்டுரை

1956 நவம்பர் 1. இந்தியாவில் மொழிவாரியாக மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்ட நாள். ஓசூர் அப்போதைய சென்னை மாநிலத்திலேயே நீடித்தது.

அதே 1956-ல், அமெரிக்காவின் மொழியியல் இதழ் ஒன்றில் எமெனோவின் 'இந்தியா ஒரு மொழியியல் பரப்பு' என்ற கட்டுரை வெளியானது. மாநிலங்களுக்கு மொழியை வைத்து எல்லை வகுத்த ஆண்டில், மொழிகள் எல்லை தாண்டி எப்படிக் கலந்திருக்கின்றன என்று சொன்ன கட்டுரை!

அவர் சொன்னதன் சாரம் இதுதான். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஒரே குடும்பம். அவற்றுக்குள் ஒற்றுமை இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால், இந்தியும் மராத்தியும் வேறு குடும்பம். அவற்றின் தூரத்துச் சொந்தங்கள் லத்தீனும் கிரேக்கமும். அப்படியிருக்க, அந்தச் சொந்தங்களிடம் இல்லாத சில பழக்கங்கள் இந்திய மொழிகள் பலவற்றில் பொதுவாக இருக்கின்றனவே, ஏன்? ஒன்றாகப் பிறந்ததால் அல்ல, பல நூற்றாண்டுகள் ஒன்றாக வாழ்ந்ததால்!

லத்தீனும் கிரேக்கமும் படித்திருந்தவர் என்பதால்தான் 'அங்கே இல்லாதது இங்கே இருக்கிறது' என்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. சில உதாரணங்களை ஓசூர்ப் பேச்சிலேயே பார்க்கலாம்.

முதலாவது, எதிரொலிச் சொற்கள். "காபி கீபி சாப்பிட்டீங்களா?" என்கிறோம். கீபி என்று ஒரு பண்டம் எங்கேயும் கிடையாது. 'காபியோ அது மாதிரி வேறெதுவோ' என்பதுதான் அர்த்தம். தமிழில் 'புலி கிலி', கன்னடத்தில் 'ஹுலி கிலி', தெலுங்கிலும் 'புலி கிலி'. இந்திக்காரர் 'சாய் வாய்' என்கிறார். எழுத்து மாறுகிறது, உத்தி ஒன்றுதான். தோடர் மொழியின் எதிரொலிச் சொற்களைப் பற்றி 1938-லேயே கட்டுரை எழுதியவர் எமெனோ.

இரண்டாவது, வேலைகளைக் கோக்கும் விதம். "போய், சாப்பிட்டு, வந்தேன்" என்கிறோம். கன்னடத்தில் "ஹோகி, ஊட்ட மாடி, பந்தெ". தெலுங்கில் "வெள்ளி, தினி, வச்சானு". மூன்று வேலைகளில் கடைசி வேலைக்குத்தான் முழு வினைச்சொல். முதல் இரண்டும் கண்ணி மாதிரி கோத்து வரும். இந்தியிலும் இதே கோவைதான்.

மூன்றாவது, ட, ண, ள போன்ற நாமடி ஒலிகள். நாக்கை மேலே மடித்துச் சொல்லும் இவை லத்தீனிலும் கிரேக்கத்திலும் இல்லை. சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. திராவிட மொழிகளோடு பழகியதால் வந்தவை என்பது எமெனோவின் வாதம். இதில் எவ்வளவு பங்கு திராவிடத்துடையது என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

'போல்கே' சொல்லும் சாட்சி

ஓசூர், கிருஷ்ணகிரி தெருக்களில் இதற்கு ஒரு நேரடி சாட்சியே இருக்கிறது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பேசப்படும் தக்னி உருது!

"வர்றேன்னு சொன்னான்" என்கிறோம். இதில் 'னு' என்பது 'என்று'. அதாவது, 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து வந்தது. கன்னடத்தில் அந்த இடத்தில் 'அந்த', தெலுங்கில் 'அனி'. இவையும் அதேபோல் சொல்லுதல் வினையிலிருந்து வந்தவைதான். டெல்லி இந்தியில் இந்த அமைப்பே வேறு. 'அவன் சொன்னான்' என்பது முதலில் வரும், 'கி' என்று ஒரு இணைப்பு போட்டு, சொன்ன விஷயம் பிறகு வரும்.

ஆனால் தக்னியில், சொன்ன விஷயம் முதலில் வந்து, பிறகு 'போல்கே' வரும். 'போல்கே' என்றால் 'சொல்லி', அதாவது 'என்று'! சொற்கள் உருது, வாக்கியத்தின் எலும்புக்கூடு தென்னிந்தியா. பக்கத்து வீட்டுப் பேச்சை நூற்றாண்டுக் கணக்கில் கேட்டு வளர்ந்த மொழி அது. "டெல்லிக்காரங்க மாதிரி பேச வரலை" என்று இதைக் கேலி செய்பவர்கள், கண்ணெதிரே இருக்கும் வரலாற்றைக் கவனிக்காமல் போகிறார்கள்.

கலந்தாலும் கரையாத கிராமம்

எமெனோ வேலை பார்த்த அதே பெர்க்லியிலிருந்து இன்னொருவர் இதை நெருக்கமாகப் பார்த்தார். ஜான் கம்பர்ஸ். 1922-ல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் படித்தது வேதியியல்! பிறகு மொழியியலுக்கு மாறினார். அமெரிக்காவின் மிச்சிகனில் குடியேறியிருந்தவர்களின் ஜெர்மன் வட்டாரப் பேச்சை ஆராய்ந்து 1954-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவரும் ராபர்ட் வில்சனும் 1971-ல் வெளியிட்ட ஆய்வு, மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய குப்வாட் என்ற கிராமத்தைப் பற்றியது. அப்போது சுமார் 3,000 பேர் வாழ்ந்த ஊர். அங்கே கன்னடம், மராத்தி, உருது, கொஞ்சம் தெலுங்கு. ஆண்கள் பலருக்கும் இரண்டு மூன்று மொழிகள் சரளம்.

ஓர் உருது வாக்கியத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் மராத்திச் சொல்லையோ கன்னடச் சொல்லையோ வைத்தால், அந்த ஊரில் அது சரியான வாக்கியமாகவே இருந்தது. வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பேச்சு வழக்கில் ஒரே இலக்கணத்துக்கு வந்துவிட்டன.

இலக்கணம் ஒன்றான பிறகும் சொற்கள் ஒன்றாகவில்லை. ஒவ்வொரு சமூகமும் வீட்டுக்குள் தன் மொழியை விடவில்லை. 'நாங்கள் யார்' என்பதைச் சொல்ல அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. வெளியே பழகும்போது, ஊரின் பெரிய சமூகங்கள் எதற்கும் சொந்தமாகத் தெரியாத மராத்தியைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். எல்லோருடனும் பழக ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

தாத்தா விட்டதைப் பேரன் தேடுவானா?

ஓசூரில் இன்று சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம் இங்கேதான் கவனிக்க வேண்டியதாகிறது. பாட்டி தெலுங்கில் பேசுவார். அப்பா தெலுங்கில் கேட்டுத் தமிழில் பதில் சொல்வார். பேரனுக்குத் தமிழும் ஆங்கிலமும். பாட்டி சொல்வது புரியும், திருப்பிச் சொல்ல வராது. கன்னட வீடுகளிலும் இதே கதை. பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதுவே திருப்பிப் போட்ட மாதிரி நடக்கிறது.

பள்ளியில் எந்த மொழி என்பதும் இங்கே பெரிய கேள்வி. 2006-ல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டம், தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. மாநில மொழி தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு வேலையும் வாழ்க்கையும் என்பது ஒரு தரப்பின் வாதம். தாய்மொழித் தேர்வு எங்கள் உரிமை என்று மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் வரை போனார்கள்.

வீட்டு மொழியை விடுவது தப்பா, சரியா? இதே கேள்வியைத்தான் தோடர்களின் 'ர' ஒலிகளை ஆராய்ந்த லடிஃபோகட் 1992-ல் எழுப்பினார். கென்யாவில் சில நூறு பேர் பேசும் டஹாலோ மொழிக்காரர் ஒருவரை அவர் சந்தித்தார். "உங்கள் பையன்கள் இந்த மொழி பேசுவார்களா?" என்று கேட்டார். கேட்டால் புரியும், பேச மாட்டார்கள், ஸ்வாஹிலிதான் என்றார் அவர். முகத்தில் வருத்தமில்லை, சிரிப்புதான். பையன்கள் பள்ளிக்கூடம் போய், தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டார்கள் என்ற பெருமை. அவர் செய்தது தப்பு என்று சொல்ல நான் யார் என்பதுதான் லடிஃபோகட்டின் கேள்வி.

அதற்கு அடுத்த ஆண்டே பதில் எழுதியவர் நான்சி டோரியன். ஸ்காட்லாந்தின் மீனவர்களிடையே கேலிக் மொழி மறைவதைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்தவர். மொழியை விட்ட தலைமுறை பெரும்பாலும் வருத்தப்படுவதில்லை. ஆனால், அந்த மொழி கைமாறி வராமல் போன பேரப்பிள்ளைகள் பிற்பாடு வருத்தப்படுவதுண்டு. இதுதான் அவர் சொன்ன பதில்.

பிழைப்புக்கு ஒரு மொழியைக் கற்பதற்காக வீட்டு மொழியை விட்டே ஆகவேண்டுமா என்ன? நீலகிரியும் குப்வாட்டும் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் வைத்துக்கொண்டன. ஓசூரும் இதுவரை அப்படித்தான் இருந்தது.

கையிலேயே இருக்கிறது கருவி

எமெனோ 2005 ஆகஸ்ட் 29 அன்று, 101 வயதில் காலமானார். நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு இந்தியாவில் அவர் செய்த வேலையைத் தொடங்க, இன்று ஒரு செல்போன் போதும்.

பாட்டியை உட்கார வைத்து, ராகி எப்படி விதைப்பார்கள், எப்படித் தூற்றுவார்கள் என்று அவர் மொழியிலேயே பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். தட்டில் இருப்பது ஒரே உருண்டைதான். தமிழில் அது களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கட்டி. மூன்று பெயரும் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு பெயர் மட்டும் தெரிந்த பிள்ளையைவிட ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதைப் படிப்பாகவே எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் மைசூருவில் இயங்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, குப்பத்தில், 1997-ல் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகத்தின் மறுமூலையிலிருந்து எமெனோ தேடி வந்த பாடம், ஓசூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது.

அடுத்த முறை யாராவது, "உனக்கு ஒரு மொழிகூட சுத்தமா வராதா?" என்று கேட்டால், கோபப்பட வேண்டாம். "வாங்க, காபி கீபி சாப்பிட்டுட்டே பேசலாம்" என்று கூப்பிடுங்கள். 'கீபி' எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்!